மாப்பிள்ளையின் கூரையில்லாத கார்

மேல் டிவிசன்,
ஹாலிஎல.

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மூத்த மாப்பிள்ளை நிஷாந்த் அவர்களுக்கு,

மாமனார் அழகர் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே நானும், உங்கள் அத்தை தனலெட்சுமியும், சின்னவள் நிரஞ்சலாவும் சுகமாக இருக்கிறோம். எங்கள் வாசலில் நிற்கும் உங்கள் காரும் சுகம். அதன் எஞ்சின் இஸ்தோப்புத் திண்ணையில் தனியாகச் சுகம். அதன் கூரை கோழிக்கூட்டுக்கு மேலே தனியாகச் சுகம். கொழும்பில் நீங்களும் என் மூத்த மகள் விதுஷாவும் இதேபோல, ஆனால் ஒரே துண்டாக, சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீங்கள் சிரிக்கக்கூடும். என்ன செய்வது? போன் எடுத்தால் நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங், பௌர்ணமிப் போயா லீவன்றும் மீட்டிங். வட்ஸ்அப்பில் காரின் படத்தை அனுப்பினால், பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டாவது வாங்குவீர்கள் அல்லவா. விஷயம் இவ்வளவுதான்: வருகிற ஆவணியில் நிரஞ்சலாவுக்குக் கலியாணம். பந்தல் போட எனக்கு என் வாசல் வேண்டும். அப்புத்தளையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் இந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் பார்க்க வருகிறார்கள். வாசலில் நீங்கள் இருக்கிறீர்கள், அதாவது உங்கள் கார் இருக்கிறது.

பெரிய பெரிய வேலை பார்க்கிறவர், உங்களுக்கு மறந்திருக்கும், நானே ஞாபகப்படுத்துகிறேன். போன வருசம் தைப்பொங்கலுக்கு வந்த நீங்கள், பதுளையில் யாரோ ஒரு முதலாளியின் பின்வளவில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இந்தப் பழைய ஸ்ரீ நம்பர் காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தீர்கள். "மாமா, இது என் முதல் புராஜெக்ட் கார்"னு சொன்னீங்க. அதுவரைக்கும் கார்னா ஏறிப் போறதுக்குன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு கிழமையில புதுசாக்கி ஓட்டிட்டுப் போயிடுறேன்னும் சொன்னீங்க. எனக்கு அரசாங்கம் குடுத்தது ஏழு பேர்ச் காணி. அதுல வீடு, கக்கூஸ், கோழிக்கூடு போக மிச்சமிருந்த வாசல்ல உங்க கார் வந்து படுத்துச்சு. துணி காயப்போடக் கொடி கட்ட எடமில்லாம, அன்னையில இருந்து உங்க அத்தை கார் மேலதான் காயப்போடுறா. துருக்கறை பட்டு என் வெள்ளை வேட்டி எல்லாம் காவியாப் போச்சு. ரிட்டயரான கணக்கப்பிள்ளை அழகர் சாமியாராப் போயிட்டாருன்னு கீழ் லயத்து வீடு பூரா பேச்சு.

அப்புறம் உங்க கைவரிசை ஆரம்பிச்சுச்சு. யூடியூப்ல ஒருத்தன் கழட்டுறதைப் பார்த்துக்கிட்டே நீங்களும் கழட்டினீங்க. அவன் திரும்பப் பூட்டுறதைப் பார்க்க உங்களுக்கு டேட்டா முடிஞ்சு போச்சு. பலாமரக் கிளையில சங்கிலியப் போட்டு எஞ்சினைத் தூக்கினீங்களே, ஆகா, எஞ்சினும் வந்துச்சு, கூடவே கிளையும் வந்துச்சு. கழட்டின நட்டு போல்ட்டையெல்லாம் குசினியில இருந்த டின்னுகள்ல போட்டு வச்சீங்க. போன மாசம் ரசத்துல ஒரு போல்ட் கெடைச்சுச்சு மாப்பிள்ளை. பல்லு போகல, கவலைப்படாதீங்க. கழுவிப் பத்திரமா வச்சிருக்கேன், அது எந்த எடத்துப் போல்ட்டுன்னு நீங்க வந்துதான் சொல்லணும்.

சரி, அதோட விட்டீங்களா? ஊரு ஒலகத்துல கார் வாங்கினவன் பெயின்ட் மாத்துவான், சீட்டு மாத்துவான், மிஞ்சினா சைலன்சரை மாத்தி நாய்களை ஓட விடுவான். நீங்க கிரைண்டரை எடுத்துக் கூரையவே வெட்டிப்புட்டீங்க. கேட்டதுக்கு, "ஓபன் டொப் மாமா, காத்து வாங்கிட்டே போகலாம்"ங்கிறீங்க. ஹாலிஎலயில காத்தை எவன் மாப்பிள்ளை வாங்குறான்? இங்க காத்து சும்மா வருது, மழையும் கூடவே சும்மா வருது. மறுநாளே வண்டி நடுவுல தொய்ஞ்சு நாலு கதவும் இறுகிப் போச்சு. பதுளையில கராஜ் வச்சிருக்கிற பஸீல் நானாவைக் கூட்டியாந்து காட்டினேன். அந்த மனுசன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "இந்த மாதிரிக் காருக்குக் கூரையும் சேர்ந்துதான் பலம் அண்ணே, அதை வெட்டிப்புட்டு இப்ப செத்த மையத்துக்கு ஊசி போடச் சொல்றீங்களே"ன்னு சொல்லிட்டு, குடுத்த தேத்தண்ணியக் கூட முழுசாக் குடிக்காமப் போயிட்டாரு. ஐப்பசி மழையில காருக்குள்ள தண்ணி நின்னு தவளை குடும்பம் நடத்துச்சு. டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், நுளம்பு வளர்க்கிறதா என் பேர்ல கேஸ் போடுவேன்னுட்டாரு. நாற்பது வருசம் தோட்டத்துல பேர் கெடாம இருந்த மனுசன் நான்! கடப்பாரையால அடியில ஓட்டை போட்டுத் தண்ணிய எறக்கினேன். அதையும் உங்க மொடிபிகேசன் கணக்குல சேர்த்துக்கங்க. அந்த மழையோட கொழும்புக்குப் போனவர்தான் நீங்க.

கலியாணம் நிச்சயமானதும் காரை அப்புறப்படுத்த நானும் படாத பாடு பட்டேன். பழைய இரும்புக்காரன் பதிவுப் புத்தகம் இல்லாமத் தொடமாட்டேன்னுட்டான், கார் புத்தகம் உங்ககிட்ட. அந்த நேரம் பார்த்து ஆடித் திருவிழா வந்துச்சு. வருசா வருசம் அம்மன் ஊர்வலம் போற டிராக்டர் இந்தத் தடவை ரிப்பேர். கோயில் தலைவர் என் வாசலுக்கு வந்து, உங்க காரைச் சுத்தி வந்து, கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "கணக்கப்பிள்ளை, அம்மன் குடையோட நிமிர்ந்து நின்னு வர இதைவிட வாகனம் உண்டா? கூரையே இல்ல பாருங்க!"ன்னாரு. நம்பர்ல வேற ஸ்ரீ இருக்காம். அது சிங்கள ஸ்ரீங்கன்னேன். அம்மனுக்கு எல்லா ஸ்ரீயும் ஒண்ணுதான்னுட்டாரு. நானும் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன்: இந்தச் சாக்குல கார் வாசலை விட்டுப் போகட்டும், திருவிழா முடிஞ்சதும் கோயில் பக்கத்துலயே விட்டுடலாம். தாராளமா எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். ஊரே என்னை வள்ளல்னுச்சு.

டயருக்குக் காத்தடிச்சு, வாழைமரம் கட்டி, டிக்கியில ஜெனரேட்டர் வச்சு, பின்சீட்டுல அம்மனை ஏத்தினாங்க. கதவு தெறக்காததால பூசாரி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறிக் குதிச்சு ஸ்டியரிங்கைப் பிடிச்சாரு. எஞ்சின்தான் இல்லையே, ஊரே வடம் பிடிச்சுச்சு. ஏத்தத்துல ஊரு காரை இழுத்துச்சு. எறக்கத்துல காரு ஊரை இழுத்துச்சு. பிரேக்கை நீங்க கழட்டி பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிருக்கிற விஷயம் எனக்கு அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு, மாப்பிள்ளை! கத்தினேன். மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? வடத்தை விட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் தேயிலைக்குள்ள பாய்ஞ்சாங்க. யாருக்கும் ஒரு கீறல் இல்ல, அது மட்டும் அம்மன் புண்ணியம். எறக்கத்துக்குக் கீழ யாரு வீடு? நம்ம வீடு. வேலியப் பிச்சுக்கிட்டு உள்ள வந்து, பழைய எடத்துலயே ஒரு அங்குலம் பிசகாமப் போய் நின்னுச்சு. பூசாரிக்கு அருள் வந்துருச்சு. "இதான்டா என் எடம், இங்கதான்டா இருப்பேன்"னு ஒரே ஆட்டம். பொம்பளைங்க குலவை போட்டாங்க. அது அருளா, கைகால் நடுக்கமான்னு எனக்குத்தான் தெரியும். ஏன்னா, ஆடி முடிச்ச பிறகும் அவர் ஸ்டியரிங்கை விடவே இல்ல.

மறுநாள் அம்மன் கோயிலுக்குப் போயிருச்சு, வாகனம் போகல. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கோம். இங்க குரங்கு பிடிக்கப் போய் அம்மனா முடிஞ்சிருச்சு. இப்ப என் வாசலுக்குள்ள நானே செருப்புப் போட முடியாது. காலையில கொழுந்தெடுக்கப் பெரட்டுக்குப் போற பொம்பளைங்க போனட்டுல இருந்து திருநீறு எடுத்துப் பூசிட்டுப் போறாங்க. புள்ள வரம் கேட்டு ஒருத்தி பம்பர்ல தொட்டில் கட்டியிருக்கா. உங்க அத்தைக்குத் துணி காயப்போட அந்த எடமும் போச்சு. இழுத்துப் போட்டுடலாம்னு பஸீல் நானாவைக் கூப்பிட்டா, கேட்டுலயே நின்னுக்கிட்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, உங்க சாமியில நான் ஸ்பேனர் வைக்க மாட்டேன்"ங்கிறாரு. பந்தல்காரனும் கால் நட எடமில்லன்னு திரும்பிப் போயிட்டான். கோயில் தலைவர்கிட்டப் போய் நின்னேன். அவர் சொல்ற ஒரே வழி, வண்டிக்குச் சொந்தக்காரர் குளிச்சு முழுகி வந்து, தேங்காய் ஒடைச்சு, அம்மன்கிட்ட உத்தரவு கேட்டு, தன் கையாலயே எடுக்கணுமாம். அந்தப் பாக்கியம் கூரையை வெட்டின உங்க கைக்குத்தான் இருக்கு.

இனிமே எழுதப்போறது கிண்டல் இல்ல, மாப்பிள்ளை. விதுஷா கலியாணத்தைப் பதுளையில மண்டபம் எடுத்துச் செஞ்சோம். நிரஞ்சலாவுக்கும் மண்டபம் பார்க்கவான்னு கேட்டதுக்கு, "மண்டபமெல்லாம் எதுக்குப்பா, நம்ம வாசல்ல பந்தல் போட்டாப் போதும்"னா. அந்தப் புள்ள எங்கிட்ட இதுவரைக்கும் வாய் தெறந்து கேட்டது அது ஒண்ணுதான். அதைக்கூட என்னால குடுக்க முடியலன்னா நானெல்லாம் என்ன அப்பன்? அப்புத்தளைக்காரங்க வந்து, வாசல்ல நிக்கிற கோலத்தைப் பார்த்துட்டு, இது என்னடா கிறுக்குக் குடும்பம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவ மொகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால சனிக்கிழமைக்குள்ள ஒரு லொறியைப் பிடிச்சுக்கிட்டு வந்து, காரையும், எஞ்சினையும், கூரையையும், ரசத்துப் போல்ட்டையும் ஏத்திட்டுப் போயிருங்க. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

விதுஷாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். அத்தை மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், வரும்போது எடுத்துச் செல்லலாம். தாங்கள் இருவரும் பதினாறும் பெற்று, தலைக்கு மேல் எப்போதும் ஒரு கூரையோடு, நீண்ட ஆயுளுடன் வாழ அம்மனை வேண்டும்,

தங்கள் அன்புள்ள மாமா,
சு. அழகர்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு இதைச் சேர்க்கிறேன். கடிதத்தை ஒட்டி எடுத்துக்கிட்டுத் தபால் கந்தோருக்குக் கிளம்புறேன், அப்புத்தளைக்காரங்க சொல்லாமக் கொள்ளாம இன்னைக்கே வந்து எறங்கிட்டாங்க. சம்பந்தியம்மா நேரா காருக்கு முன்னாடி போய்க் கற்பூரம் ஏத்திட்டாங்க. மாப்பிள்ளை தயாபரன், பள்ளிக்கூடத்து வாத்தியாரு, பொண்ணைப் பார்க்கல, வீட்டைப் பார்க்கல, செருப்பைக் கழட்டிட்டு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில போயிட்டாரு. வெளிய வந்தப்ப நெத்தியில பாதி திருநீறு, பாதி கிரீஸ். "மாமா, இதே கார் என்கிட்டயும் ஒண்ணு கெடக்கு. கூரை இருக்கு, எஞ்சின்தான் இல்ல. அதையும் இங்க கொண்டாந்து நிறுத்தினா நிஷாந்த் அண்ணனும் நானும் சேர்ந்து ரெண்டையும் பார்த்துடுவோம்"ங்கிறாரு. நான் நிரஞ்சலாவைப் பார்த்தேன். "ஒண்ணுக்கு ரெண்டா நிக்கட்டும்பா, மேல பந்தலைப் போட்டுடுவோம், அம்மன் முன்னாடியே தாலி கட்டிக்கிறோம்"னு சொல்லிட்டு அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. புது மாப்பிள்ளை மொத மொதலா ஒண்ணு கேக்குறாரு, பொண்ணு அப்படிச் சிரிக்கிறா, நான் எந்த வாயால முடியாதுன்னு சொல்றது? சரின்னுட்டேன். அதனால உங்க காரை எடுக்க லொறி கொண்டு வராதீங்க. ஆனா லொறியைக் கொண்டு வாங்க. கொழும்பு லொறி எப்படியும் அப்புத்தளையைத் தாண்டித்தானே வரணும், வர்ற வழியில அந்தக் காரையும் ஏத்திட்டு வந்திருங்க.