மைனஸ் சப்பாத்தி கேட்ட கோடீஸ்வரி

ஒரகடத்தில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், ஏதாவது ஓர் எண்ணைப் போடச் சொல்லிக் கட்டம் காட்டுகிற எந்த மெஷினும் கோடீஸ்வரியின் கையிலிருந்து தப்பியதில்லை. கட்டத்தைக் கண்டால் மற்றவர்கள் அது கேட்டதைப் போடுவார்கள். அவள் மட்டும் அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பாள்.

வல்லம் வடகாலில், கார்களுக்கு வயர் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். தங்கியது பெண்கள் ஹாஸ்டலில். நான் அருப்புக்கோட்டை, அவள் சங்கரன்கோவில் பக்கம். இரண்டு வயது மூத்தவள் என்பதால் வாய் நிறைய அக்கா என்பேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். நாங்கள் போனில் சீரியல் பார்க்கும் நேரத்தில் அவள் போனில் சி புரோகிராமிங் படிப்பாள். எங்கள் சீரியலில் மாமியார் அடிக்கும் கூத்தைவிட அவள் புரோகிராமில் எண்கள் அடிக்கும் கூத்து பெரிதாக இருந்தது.

ஒருநாள் ஹாஸ்டல் வாசலில் டேப்லெட் ஒன்றை மாட்டினார்கள். ராத்திரிக்கு எத்தனை சப்பாத்தி வேண்டும் என்று காலையிலேயே அதில் பதிய வேண்டும். நான் மூன்று என்று போட்டேன். அவள் நாற்பதாயிரம் என்று போட்டாள்.

சாயங்காலம் சமையல் மாஸ்டர் பட்டியலோடு மாடியேறி வந்தார். மணிமங்கலத்துக்காரர், பொறுமைசாலி.

"இன்னாமா இது? உன் பேருக்கு நேரா மைனஸ் இருபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறு சப்பாத்தின்னு கீது. நான் உனக்கு குடுக்கணுமா, நீ எனக்கு குடுக்கணுமா?"

"கணக்குப்படி நாந்தான் தரணும் மாஸ்டர்."

"எப்போ தருவ?" என்றார் அவர். விளையாட்டுக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

வார்டன் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த வாரம் முழுக்க எல்லோருடைய சப்பாத்தி எண்ணிக்கையையும் அவளே நோட்டில் எழுத வேண்டும் என்று தண்டனை. அதை அவள் பரிசு வாங்கியவளைப் போலச் செய்தாள்.

"ஏன்க்கா இப்படி?" என்று கேட்டேன்.

"நம்பரப் போட்டு வைக்க கம்ப்யூட்டர்ல ஒரு டப்பா இருக்கும்ட்டி. சின்ன டப்பான்னா முப்பத்திரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தேழு வரைக்கும்தான் கொள்ளும். அதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு போட்டாலும் நேரா மைனஸுக்குப் போயிரும்."

"நிறைஞ்சிருச்சுன்னு சொல்லாதா?"

"சொல்லாது. அதான் பயமே. தப்பான விடைய அவ்வளவு தைரியமா சொல்லும்."

கோடீஸ்வரி என்ற பெயர் பாத்ரூம் வாசலில் பிறந்தது. எங்கள் மாடியில் பதினேழு பேர், பாத்ரூம் ஒன்று. ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே அவளுக்கு ஒரு சந்தேகம்: பதினேழு பேர் இந்த வரிசையில் எத்தனை விதமாக மாறி மாறி நிற்கலாம்? போனில் எழுதிப் பார்த்தாள்.

"மைனஸ் இருபத்தெட்டு கோடியே எம்பத்தஞ்சு லட்சம் விதம்" என்று அறிவித்தாள்.

"அதான் அரை மணி நேரமா ஒரு ஆளும் நகரல" என்றது வரிசையின் கடைசிக் குரல்.

டப்பா பத்தவில்லை என்று பெரிய டப்பாவாக மாற்றினாள். இந்த முறை மூன்று கோடியே ஐம்பத்தைந்து லட்சம் கோடிக்கு மேல் வந்தது. அதை அவள் ஒவ்வொரு இலக்கமாகப் படித்து முடிப்பதற்குள் ஷிப்ட் பஸ் போய்விட்டது. பதினேழு பேரும் ஷேர் ஆட்டோக்களில் அடைந்துகொண்டு போனோம். கம்பெனி கேட்டில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். "கோடீஸ்வரி" என்றோம். அதோடு நிலைத்துவிட்டது.

இதுவரைக்கும் சிரிப்புதான். அடுத்து வந்தது அவள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் லைனுக்கு மேலே புதிதாக ஒரு போர்டு மாட்டினார்கள். ஒரு வயர் செட் முடிந்ததும் அதில் எண் ஒன்று கூடும். ஒரு மாதத்தில் முப்பதாயிரத்தை நெருங்கியது. கோடீஸ்வரி சூப்பர்வைசர் தாமோதரனிடம் போனாள்.

"சார், இது சின்ன டப்பாவா இருந்தா வாற வியாழக்கிழமை பதினோரு மணி வாக்குல மைனஸுக்குப் போயிரும். யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க."

"போர்டு பாக்கறதுக்காம்மா உன்ன வேலைக்கு வெச்சிகினு கீறோம்? போய் வயருக்கு டேப்ப சுத்து."

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து கஸ்டமர் வந்தார்கள். தரையைத் துடைத்து, எங்களுக்குப் புதுத் தொப்பி கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் போர்டுக்குக் கீழே நின்றபோது அது 32767. அடுத்த செட் முடிந்தது. போர்டு சிவப்பாகி மைனஸ் 32768 என்று காட்டியது. அதற்கடுத்த செட்டுக்கு மைனஸ் 32767.

வந்தவர்களில் ஒருவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்த லைன்ல வயர் செட்டை சேக்குறீங்களா, பிரிக்கிறீங்களான்னு கேக்குறார்."

தாமோதரன் முகத்தில் ரத்தமே இல்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், முன்னாலேயே நாள் குறித்துச் சொன்ன பெண்தான் போர்டில் கை வைத்திருக்கிறாள் என்று எச்ஆரில் சொல்லிவிட்டார். கோடீஸ்வரியைக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு என்னையும்.

"இவங்க போர்டை ஏதாவது பண்ணாங்களா?" என்று எச்ஆர் மேடம் என்னிடம் கேட்டார்.

எப்படியாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும். அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இல்ல மேடம். இவங்க சப்பாத்தியிலதான் கை வைப்பாங்க."

"அப்போ ஏற்கெனவே இந்தப் பழக்கம் உண்டா?"

கோடீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, இரக்கம்தான். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள், இந்த வேலையை நம்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், வெளிய வாங்கி வச்ச என் போனைத் தந்தா அஞ்சு நிமிஷத்துல காட்டிருதேன்" என்றாள். போன் வந்தது. நாலைந்து வரி எழுதி மேஜைமேல் வைத்தாள். "இந்த டப்பால 32767 இருக்கு. நீங்களே ஒண்ணு கூட்டுங்க."

மேடம் ஒரு விரலால் தட்டினார். மைனஸ் 32768. இன்னொரு தட்டு. மைனஸ் 32767. நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து தட்டினார். நான்காவது தடவை அவர் தட்டியது விசாரணைக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

"தாமோதரன், நீங்களும் ஒரு தடவ தட்டிப் பாருங்க" என்றார்.

அவர் தட்டினார். "போன வாரமே சொல்லிச்சு மேடம் இந்தப் பொண்ணு. நாந்தான் கேக்கல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

மறுநாள் போர்டு கம்பெனி ஆள் வந்து டப்பாவைப் பெரிதாக்கினார். இனி இருநூற்றுப் பதினாலு கோடி வரை கவலையில்லை என்றார். கோடீஸ்வரிக்குக் கவலை இருந்தது. லைன் ஓடுகிற வேகத்தில் வகுத்துப் பார்த்து, அன்றைய ஷிப்ட் நோட்டில் எழுதினாள்: 'சுமார் ஆறாயிரம் வருடம் கழித்து இந்த போர்டு மறுபடி மைனஸுக்குப் போகும். அப்போது டூட்டியில் இருப்பவர் கவனிக்கவும்.' தாமோதரன் இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கான்ட்ராக்ட் முடிந்ததும் அவள் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விட்டாள். அவர்கள் செய்கிற ஆப்களில் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. காலை முதல் மாலை வரை கட்டங்களில் அடாத எண்களைப் போட்டுப் பார்க்கிறாள். வார்டன் யாரும் கூப்பிட்டுக் கண்டிப்பதில்லை.

போன ஐப்பசியில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தை எத்தனை கிலோ, எத்தனை மணிக்குப் பிறந்தது என்றுதான் கேட்டார்கள். சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தவள் பையைக் கீழே வைத்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீ சாப்பிட்டியாட்டி?" என்றாள்.