அம்மாவிடம் பேச ஆள் வைத்தவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு வதந்தி உலவுகிறது. அங்கே ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சந்திரமோகன் என்பவர், பெற்ற தாயோடு போனில் பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிறாராம். தாயார் ஜப்பானில் இல்லை, நாங்குநேரிக்குப் பக்கத்தில் இருக்கிறார். பேசுவது தமிழ். மகன் பேசுவதும் தமிழ்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வதந்தியைக் கேட்டால் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் நாகரிகம். எனக்கு அந்த நாகரிகம் போதாது. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று பஸ் ஏறினேன். பஸ் போய்ச் சேர்வதற்குள் இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

ஒட்டுப்பேச்சுக்காரர் என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஒட்டு மாமரத்தில் வேர் ஒரு ஜாதி, காய் வேறு ஜாதி அல்லவா, அந்த மாதிரி. பிழைப்புக்காக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வருவார். வந்த புதிதில் டீக்கடையில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்து, "அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க" என்று சொல்லியிருப்பார். கடையே திரும்பிப் பார்த்திருக்கும். பெஞ்சின் ஓரத்திலிருந்து யாரோ, "ஏலே பார்ட்டி வந்துகீது பா" என்றிருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. சும்மா ஒரு சிரிப்பு. அது போதும். அன்று சாயங்காலமே தன் பேச்சைத் துவைத்து மடித்து, சூட்கேஸின் அடியில், ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வைக்கும் கீழே வைத்துப் பூட்டிவிடுவார்.

அப்புறம் ஒரு மாதம் மௌனம். விரலைக் காட்டித்தான் வடை வாங்குவார். இரண்டாம் மாதம் 'இன்னா' முளைக்கும். வர வேண்டிய இடத்திலும் வரும், வரக்கூடாத இடத்திலும் வரும். ஆறாம் மாதம் வீடு ஊடாகிவிடும், காலைப் பலகாரம் நாஷ்டாவாகிவிடும், போய்க்கொண்டிருந்தவர் போய்க்கினு இருப்பார், ஆந்திர எல்லை பக்கத்தில்தானே என்று கையை நீட்டி 'நைனா'வையும் 'டப்பு'வையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அமாவாசைக்குத் திருவள்ளூர் பெருமாளைச் சேவிக்கப் போனால், அர்ச்சகர் வாயைத் திறந்த அரை நிமிஷத்தில் இவர் 'அடியேன்' என்று குழைவார். பீகார் பையன்கள் நடுவே நின்றால் ஒன்றும் தெரியாவிட்டாலும் 'அச்சா' என்று தலையாட்டுவார். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வருடம் ஒன்று நடக்கும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களைத் திருத்த ஆரம்பிப்பார்.

பஸ் வந்துவிட்டது. இறங்குவோம்.

கம்பெனி வாசலுக்கு எதிர் டீக்கடையில் மோசஸைப் பிடித்தேன். சந்திரமோகனுக்குக் கீழே மெஷின் ஓட்டுகிறவர். சொந்த ஊரும் இதுதான், வந்த ஊரும் இதுதான்.

"அந்தாளு என்னையே கேட்டாரு சார், 'நீ எந்த ஊரு பா, உன் பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லியே'ன்னு. நான் பொறந்தது தோ, அந்த டேங்குக்குப் பின்னால. எங்கப்பா பொறந்ததும் அங்கதான். எனக்கே டவுட்டு வந்துட்ச்சு. ஊட்டுக்குப் போயி எங்கம்மாவக் கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'அவுரு சூப்ரவைசரு, தெரியாமயா சொல்லுவாரு'ன்னுச்சு."

"அவர் தன் சொந்த ஊர் எது என்று சொல்லியிருக்கிறாரா?"

"சோழவரம் ஏரிக்கரைன்னுதான் புதுப் பசங்ககிட்ட சொல்லிகினு கீறாரு. அது அவுரு சம்சாரத்தோட ஊரு சார். பேக்கிங்ல வேல செய்யுதே, ஏஞ்சலின், அதோட ஊரு."

கவனியுங்கள். சீதனம் வாங்கிய ஆண்களை நாம் பார்த்திருக்கிறோம். மனைவியின் பூர்வீகத்தையே வாங்கிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"அம்மாவோடு பேச மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிறார் என்கிறார்களே?"

மோசஸ் டீயை ஒரு மடக்குக் குடித்தார். "அது வதந்தி இல்ல சார். அதுவும் ஏஞ்சலின்தான்."

ஷிப்ட் முடிந்து ஏஞ்சலின் வெளியே வந்தார். கையில் டிபன் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல எங்க மாமியார் என்கிட்ட பேசவே மாட்டாங்க சார். வேற ஊரு, வேற சாமி, பிள்ளையைக் கெடுத்துட்டான்னு கோவம். ஒருநாள் இவருக்குப் போன் பண்ணாங்க. பக்கத்துல ஆளுங்க இருக்கவே இவரு 'இன்னாம்மா, அப்பால பேசறேன்'னாரு. 'எவம்ல நீ, எம்மவன்கிட்ட போனக் குடுல'ன்னு கத்தறாங்க. போனைத் தூக்கி என் கையில குட்த்துட்டு ஓடிட்டாரு. அன்னிக்குப் புட்ச்சதுதான், ஆறு வருசமா நான்தான்..."

போன் அடித்தது. ஏஞ்சலின் எடுத்தார்.

"சொல்லுங்க அத்தே. இல்ல, இப்பத்தான் வெளிய வாரேன். அவிய வண்டி எடுக்கப் போயிருக்காவ. மழையா? இங்கன ஒரு பொட்டு கெடையாது. காலுக்குத் தைலம் தேச்சியளா? தேக்கலன்னா நான் வந்தாத்தான் சரிப்படுவிய. சரி அத்தே, வைக்கேன்."

வைத்துவிட்டுத் திரும்பினார். "சாரி சார், இன்னா சொல்லிகினு இருந்தேன்?"

நான் என்ன சொல்வது? நாங்குநேரிக்காரர் வடக்கே வந்து சோழவரத்துக்காரர் ஆகிவிட்டார். சோழவரத்துக்காரர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே நாங்குநேரிக்காரி ஆகிவிட்டார். இருவரும் எதிரெதிர் ரயிலில் ஏறி, விழுப்புரம் பக்கம் எங்கோ ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேடிக்கை இத்தோடு நின்றிருந்தால் நானும் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். போன மாதம் ஒரு காரியம் நடந்திருக்கிறது. மோசஸும் ஏஞ்சலினும் மாற்றி மாற்றிச் சொன்னதை ஒன்றாக்கித் தருகிறேன்.

சந்திரமோகனின் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்கா கணவரை இழந்தவர். பெண்ணுக்கு ஒரே தாய்மாமன் இவர். அவர்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குத்தான் பெண்மீது முதல் உரிமை. 'எனக்கு வேண்டாம், உங்கள் வீட்டுக்குக் கொடுக்கிறேன், எனக்குச் சம்மதம்' என்று அவர் சபையில் வாயால் சொன்ன பிறகுதான் தாம்பூலம் மாறும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். இந்த இடமும் போனால் அக்கா படுத்துவிடுவார்.

ஆனால் அந்த வாரம் கம்பெனியில் ஆடிட். லீவு கிடையாது. போனில் சொன்னால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டாரை எப்படியோ சம்மதிக்க வைத்தார்கள். கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான், கேண்டீன் ஜன்னல். நல்ல நேரம் காலை பத்தேகால். கேண்டீனில் டீ நேரமும் அதுவே.

நினைத்துப் பாருங்கள். அங்கே நாங்குநேரியில், தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே கேண்டீனில் வடையும் டீயுமாக இருபது பேர், சோழவரம் ஏரிக்கரைப் பூர்வீகத்தை நம்பிக்கொண்டு, சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இவர். தட்டு கழுவுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழாததால் இவரும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஆரம்பித்தார்.

"தம்பி, பிள்ளைக்குத் தாய்மாமன் நீங்க. முறைக்கு உரியவரு. எங்க வீட்டுக்குக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்த ஒங்க வாயால சொல்லிருங்க."

சந்திரமோகன் தொண்டையைக் கனைத்தார். இருபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"அதுக்கின்னா நைனா, நம்ம ஊட்டுப் பொண்ணுதான, ஷோக்கா செஞ்சிடலாம்."

நாங்குநேரியிலிருந்து பெரியப்பாவின் குரல், போனுக்குச் சற்றுத் தள்ளி:

"யாரு பேசுதது இது?"

"தாய்மாமன்தான்."

"தாய்மாமன் நம்ம ஊர்க்காரருன்னுல்லா சொன்னிய. மெட்ராஸ்ல எவனையோ பிடிச்சுப் பேச வச்சிருக்கிய. பிள்ளைக்கு மாமன் இருக்காரா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க."

நாற்காலிகள் நகரும் சத்தம். அக்காவின் குரல் உடைந்து வந்தது. "ஏ தம்பி, வெளையாடாதல. எந்திரிச்சிட்டாவ. நம்ம பேச்சுல ஒரு வார்த்த சொல்லுல."

கேண்டீனில் வடைகள் பாதி வழியில் நின்றன. 'ல' என்று ஒருவர் சூப்பர்வைசரை அழைத்ததை அவர்கள் அன்றைக்குத்தான் கேட்கிறார்கள். சந்திரமோகன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். வெட்கமா? இருக்கலாம். ஆனால் எட்டு வருடம் பூட்டி வைத்த பெட்டி அது. திறந்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது சாவியைக் காணவில்லை. "சம்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

பெண்கள் மேஜையிலிருந்து ஏஞ்சலின் எழுந்து வந்தார். டீ டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"மாமா, நான் பிள்ளைக்கு அத்த பேசுதேன். அவியளுக்குத் தொண்ட கட்டிக்கிட்டு, கொரலு வேற மாதிரி வருது. கோவிச்சுக்கிடாதீய. ஒக்காருங்க. மைனி, அழாதிய. மாமா, எங்க வீட்டுப் பிள்ளைய ஒங்க வீட்டுக்குக் குடுக்கதுல எங்களுக்கு முழுச் சம்மதம். அவ சமையலு சுமாராத்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிடணும். ஆனா மனசு தங்கம். நல்லாப் பாத்துக்கிடுங்க, வேற ஒண்ணும் நாங்க கேக்கல."

நாற்காலிகள் திரும்ப நகர்ந்தன. உட்காருவதற்காக.

"ஏ தாயி, நீ எந்த ஊரு?"

"சோழவரம், மாமா."

"சோழவரமா. வள்ளியூருக்குக் கிழக்க வருமோ?"

ஏஞ்சலின் ஒரு விநாடி யோசித்தார். "கொஞ்சம் வடக்க, மாமா."

பெரியப்பா இறங்கி வந்தார். முழுதாக அல்ல. "சரி தாயி, ஒன் சொல்லுக்காவத் தாம்பூலம் மாத்திக்கிடுதோம். ஆனா அத்த சொல்லு வேற, மாமன் சொல்லு வேற. அந்த ஒரு வார்த்த எங்களுக்குப் பாக்கி. தையில கல்யாணம். மொத நாளு மாமன் நேர்ல வந்து சபையில சொல்லிரணும். சொன்னாத்தான் தாலி."

"அப்பால இன்னா ஆச்சு?" என்று மோசஸைக் கேட்டேன்.

"ஒன்னும் ஆவல சார். யாருமே சிரிக்கல. அதான் அவுருக்குப் பெரிய பேஜாராப் பூட்ச்சு. சிரிச்சிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு லைனுக்குப் போயிருப்பாரு."

இந்த இடத்தில் சந்திரமோகனே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் யார், எதற்காக வந்தேன் என்று ஏஞ்சலின் சொன்னார்.

"எல்லாம் ரூமர் பா," என்றார் என்னிடம். "அன்னிக்குத் தொண்ட கட்டிகிச்சு."

"இன்றைக்குத் தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது? அந்த வார்த்தையை ஒரு முறை சொல்லிப் பாருங்களேன்."

மோசஸைப் பார்த்தார். டீக்கடைப் பெஞ்சைப் பார்த்தார். "இங்க வாணாம் பா," என்று வண்டியை உதைத்தார்.

பின்னால் ஏறிக்கொண்டே ஏஞ்சலின் என் பக்கம் குனிந்தார். "ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்குக் கூட்டிகினு போயி சொல்லச் சொல்றேன் சார். ஆளு யாரும் இல்லாதப்ப நல்லாத்தான் சொல்றாரு. சொல்லிட்டு அரை மணி நேரம் எதுவும் பேச மாட்டேன்றாரு, அதான் எனக்குப் பயம்."

வண்டி போய்விட்டது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. இப்போது எனக்கு ஒன்று சொல்லுங்கள். ஆபீசில் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தால், எடுத்ததும் ஏன் எழுந்து மாடிப்படிப் பக்கம் போகிறீர்கள்? சிக்னலுக்காகவா? அங்கே நின்று பேசுகிற அந்தக் குரலை, பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு முறையாவது கேட்டதுண்டா? பண்டிகைக்கு ஊருக்குப் போனால் முதல் நாள் உங்கள் பேச்சைக் கேட்டு உறவுக்காரக் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகின்றனவே, ஏன்? நான் எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பீர்கள். இவ்வளவு தூரம் படித்தும் உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை அல்லவா? அப்படியே இருக்கட்டும்.

போகட்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. சந்திரமோகன் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று, மாமன் சீருக்குப் புடவையும் வாங்கியாயிற்று. நாங்குநேரிக்குச் சேர வேண்டியதில் பாக்கி அந்த ஒரு வார்த்தைதான்.