முப்பத்திரண்டு தடவை மெல்லுகிறவர்

நம் ஊரில் கொஞ்ச நாளாக ஓர் இனம் பெருகிவருகிறது. மெல்லுநர் என்று பெயர் வைக்கலாம். அடையாளம் காண்பது சுலபம். பந்தியில் எல்லோரும் ரசத்துக்கு வந்திருப்பார்கள். இவர் இலையில் முதல் கவளமே இன்னும் உருட்டப்படாமல் கிடக்கும். கண் மட்டும் உங்கள் இலையில் இருக்கும். “அவசரமா?” என்பார். அவசரமில்லை, பசி. சொன்னால் அவருக்குப் புரியாது.

ஹில்டாவுக்கு வாய்த்த கணவர் இந்த இனத்தில் அசல். மெல்வின், துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் பார்ப்பவர். போன வருஷம் வரைக்கும் ஒரு கையில் கேட் பாஸும் மறுகையில் புரோட்டாவுமாக நின்றபடியே நாலை உள்ளே தள்ளிவிட்டு, ஐந்தாவதை எங்கே தின்றோம் என்று தெரியாமல் லாரிக்குப் பின்னால் ஓடியவர். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, “கொஞ்சம் மெதுவாச் சாப்பிடுங்க” என்று மூன்று வார்த்தை சொன்னார். மெல்வின் அதை, காசு கட்டிச் சேர்ந்த மூன்று நாள் உணவுப் பயிற்சி முகாமாக விரித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து உணவை முதலில் பார்க்க வேண்டுமாம், பிறகு முகர வேண்டுமாம், பிறகு முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டுமாம். இட்லிக்கும் முப்பத்திரண்டு. நாக்கில் பட்டதும் கரைந்துபோகிற மக்ரூனுக்கும் முப்பத்திரண்டு. எதை மென்றார்? ஆண்டவருக்கே வெளிச்சம். நடுவே ஹில்டாவுக்கும் எண்ணுவார். “ஒம்பதுலயே முழுங்கிட்ட.”

வீட்டுக்குள் நடந்தவரை சரி. போன மாதம் மெல்வினின் தம்பி ரெக்சனுக்குப் பெண் கேட்டுத் தருவைகுளம் போனார்கள். ரெக்சன் கப்பலில் வேலை பார்ப்பவன். கட்டினால் ஜெஸ்லினைத்தான் கட்டுவேன் என்று மூன்று வருஷமாக நிற்கிறான். அவள் அப்பா பவுல், சொந்த வள்ளத்தில் மீன்பிடிக்கிறவர், அதே மூன்று வருஷமாக முடியாது என்று நிற்கிறார். இப்போதுதான் ‘சாப்பிட வாங்க, பேசலாம்’ என்று இறங்கியிருந்தார். நாலாம் நாள் ரெக்சன் கப்பலேற வேண்டும்.

சீலா மீன் குழம்பு. நல்ல நடுக்கண்டமாகப் பார்த்துப் பவுலே மெல்வினுக்கு எடுத்து வைத்தார். மெல்வின் அதைக் கையில் எடுத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக முகர்ந்தார்.

மீன்பிடிக்கிறவர் வீட்டில். அவர் பிடித்த மீனை.

“என்ன தம்பி, மோந்துல்லா பாக்கிய?” என்றார் பவுல். குரல் உயரவில்லை, அதுதான் ஹில்டாவுக்குப் பயமாக இருந்தது. “காலைல என் வள்ளத்துல வந்த மீனு. ஐஸைக் கண்ணால பாக்கல.”

மெல்வின் அதற்குள் ஒரு விள்ளலை வாயில் போட்டிருந்தார். பதினொன்றாவது மெல்லலில் இருந்தார். முப்பத்திரண்டு முடியாமல் பேசக் கூடாது என்பது முகாம் விதி. பன்னிரண்டு. பதின்மூன்று. பவுல் கரண்டியைச் சட்டியில் வைத்தார். ரெக்சன் அண்ணியைப் பார்த்தான்.

“ஐயோ மாமா, அவியளுக்கு நாலு நாளா சளி. ஒரு மணமும் தெரியல,” என்றாள் ஹில்டா. “உங்க வீட்டுக் கொழம்பாவது மூக்குல ஏறுதான்னு பாக்காவ.” சொல்லிக்கொண்டே கணவர் தொடையில் ஒரு கிள்ளு. மீதிப் பத்தொன்பதும் ஒரே மடக்கில் உள்ளே போயிற்று.

பவுலின் முகம் இளகியது. “சளியா? மொதல்லயே சொல்லப்பிடாதா? ஏளா ஜெஸ்லின், அந்த மீன் தலயக் கொண்டா. உறிஞ்சினா மூக்கு தொறந்திரும்.”

அதன் பிறகு மெல்வின் புரோட்டாக் காலத்துக்கே போய்விட்டார். தலை போயிற்று. மூன்று கண்டம் போயிற்று. மூன்றாம் முறை சோறு கேட்டபோது பவுல், “தின்னுத குடும்பந்தான்” என்று தலையாட்டிவிட்டு, கோயிலில் எப்போது கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம் என்று ரெக்சனைக் கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மெல்வின் ஏப்பம் விட்டு முடித்துச் சொன்னார்: “பாத்தியா, பவுல் மாமா ஏழே நிமிஷத்துல முடிச்சிட்டாரு. பாவம், ருசியே தெரிஞ்சிருக்காது.”

ஹில்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். கடைசியாகப் போன விருந்தில் பக்கத்து இலைக்காரர் எத்தனை தடவை சோறு வாங்கினார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதல்லவா? உங்கள் இலையில் என்ன குழம்பு ஊற்றினார்கள்?