எஸ்டேட் வளைவில் இரண்டாவது சிலை

படம் எடுத்த அன்று மாலை எஸ்டேட் வளைவில் இருந்தவர்கள்: மலைக்காட்சி மேம்பாட்டுப் பிரிவின் சிறப்பு அலுவலர் தினேஷ்குமார், அவருடைய டிரைவர் மோசஸ், குன்னூரிலிருந்து வந்த புகைப்படக்காரர் ஜெனிஸ், டீக்கடை மருதாம்பாள், குந்தா பஸ்ஸுக்குக் காத்திருந்த நாங்கள் எட்டுப் பேர். ஆக மொத்தம் பன்னிரண்டு. சிலை தனி.

சிலை என்பது கொழுந்து பறிக்கும் பெண். சிமெண்டில் செய்து, முதுகில் கூடை வைத்து, ஆறு வருஷத்துக்கு முன் வளைவில் நிறுத்தினார்கள். அதன் பிறகு அதை நிமிர்ந்து பார்த்தவை குரங்குகள் மட்டுமே. அவையும் கூடைக்குள் தின்ன ஏதும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன.

இந்த நிலையில் மேலிடத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போதெல்லாம் கல்யாண ஜோடி முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் சாயங்கால வெயிலுக்கு எதிராக நிறுத்தி, கன்னங்கரேல் என்று படம் எடுப்பதுதான் நாகரிகம். முகம் எவ்வளவு தெரியவில்லையோ அவ்வளவு உசத்தி. ஆகவே ஒவ்வொரு மாவட்டமும் தன்னிடம் உள்ள சிலை ஒன்றை, உணர்ச்சிகரமான வானத்தின் முன்னால், நிழலுருவமாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சிறப்பு அலுவலர் முதல் வேலையாகச் சிலைக்கு வர்ணம் பூச ஏற்பாடு செய்தார். சேலைக்கு எந்தப் பச்சை என்பதை முடிவு செய்யவே மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் ஜெனிஸ் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"சார், நிழலுருவத்துல எந்தக் கலரும் கருப்பாத்தான் விழும்."

"விழட்டும். தரமான பச்சை கருப்பா விழறதுக்கும், மட்டமான பச்சை கருப்பா விழறதுக்கும் வித்தியாசம் இருக்குதுல்ல?"

ஜெனிஸ் சற்று யோசித்து, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது வானம். திங்கட்கிழமை வானம் சுத்த நீலமாக இருந்தது. உணர்ச்சி இல்லை என்று காரணம் காட்டி அதை நிராகரித்தார்கள். செவ்வாய்க்கிழமை உணர்ச்சி அளவுக்கு மீறி, மஞ்சு இறங்கிவிட்டது. சிலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மோசஸ்தான் மண்டையை இடித்துக்கொண்டு கண்டுபிடித்தார். அதற்குள் இன்னொரு குறை தெரிய வந்தது. திங்கட்கிழமை சோதனைக்கு எடுத்த படத்தில் மருதாம்பாளின் டீக்கடைத் தகரம் சிலையின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கும் பெண் தகரப் பாவாடை கட்டியதுபோல் விழுந்திருந்தது.

மறுநாள் கடையைப் பிரிக்கச் சொன்னார்கள். எஸ்டேட் வேலையிலிருந்து நின்ற பிறகு அந்த அம்மாவுக்கு அந்தக் கடைதான் சோறு.

"ஏனுங்க சார், ஒரு நாளைக்குத்தானுங்களே?"

"கவர்மெண்டு ஒரு நாள்னு சொன்னா ஒரே நாள்தாம்மா."

அந்த அம்மா தகரத்தைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்தார். கிளாஸ், டீத்தூள், சர்க்கரை எல்லாவற்றையும் தன் பழைய கொழுந்துக் கூடையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். அதை இறக்கி வைக்க இடம் தேடிச் சிலைக்குப் பக்கத்தில் போன நேரம், மேகம் கிழிந்து, வானம் அடுப்புத் தணல்போல் சிவந்தது.

"யாரும் அசையக் கூடாது" என்று உத்தரவிட்டார் சிறப்பு அலுவலர்.

மருதாம்பாள் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவர். அசையவில்லை. ஜெனிஸ் படம் எடுத்தார். வானம் மங்குவதற்குள் அது சென்னைக்குப் போய்விட்டது.

படத்துக்கு மாநிலத்தில் முதலிடம் கிடைத்தது. மேலிடத்தில் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். இரண்டு சிலைகளில் வலது பக்கச் சிலையின் களைப்பு மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். சிறப்பு அலுவலர் நன்றி தெரிவித்தார். நன்றி தெரிவித்தபின் ஒரு சிலைதான் உண்டு என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்பதால் சொல்லவில்லை. மேலிடத்து அதிகாரி ராஜகுமாரி இரண்டையும் நேரில் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.

இதற்கிடையே மருதாம்பாள் கடையைத் திரும்பப் போட அனுமதி கேட்டு நாலு தடவை ஆபீசுக்கு நடந்திருந்தார். ஐந்தாவது தடவை அவருக்கு நாற்காலி கொடுத்தார்கள். பார்வையிடும் அன்று சிலைக்குப் பக்கத்தில் அதே கூடையோடு கொஞ்ச நேரம் நின்றால் கடை விஷயம் சாதகமாகப் பரிசீலிக்கப்படும் என்றார்கள். அந்த அம்மா சம்மதித்தார்.

ராஜகுமாரி அம்மையார் வந்தபோது நல்ல மஞ்சு. காரை விட்டு இறங்காமலே கண்ணாடியைத் தாழ்த்தி எண்ணினார். இரண்டு கருப்பு உருவம் இருந்தது. இரண்டாவது தும்மியது. மலையில் சிலைகளுக்கும் ஈரம் ஆகாது என்று சிறப்பு அலுவலர் விளக்கினார். பிறகு, பொதுமக்கள் சாட்சியாக நாங்கள் எட்டுப் பேரும் சிலைகள் இரண்டு என்று கையெழுத்துப் போட்டோம். பஸ் நிற்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்க நிழற்குடை கட்டித் தருவதாகச் சொன்னார்கள். எட்டுப் பேரும் படிக்காமல் போட்டோம் என்று சொல்வதற்கில்லை. எங்களில் சங்கிலி என்பவர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டார்.

மறுநாள் மருதாம்பாள் ஆபீசுக்குப் போனார். கூட நாங்களும் நிழற்குடை கேட்கப் போயிருந்தோம்.

"பரிசு வாங்கின சிலைக்கு முப்பது அடிக்குள்ள கடை கூடாதும்மா" என்றார் சிறப்பு அலுவலர்.

"அதுல ஒரு சிலை நாந்தானுங்களே."

"அப்படின்னா சிக்கல் இன்னும் பெரிசு. சிலைக்குக் கடை போட அனுமதி குடுக்க விதியில இடமே இல்ல."

"செரிங்க, நான் சிலை இல்லீங்க."

"அப்ப அந்தச் சிலை எங்கே? களவு போச்சுன்னு நான் கேஸ் குடுக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

மருதாம்பாள் அதிகம் யோசிக்கவில்லை. "நீங்க கேஸே குடுத்துக்குங்க சார். நின்னு நின்னு எனக்குக் காலு மரத்துப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு, தகரங்களை ஒரு வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு வளைவு கீழே போய்க் கடை போட்டார். எங்கள் நிழற்குடை பற்றிக் கேட்டோம். படத்தில் நிழற்குடை இல்லாததால் இடத்திலும் இருக்க முடியாது என்று விளக்கினார்கள்.

ஒரு வாரத்தில் போலீஸ் வந்தது. காணாமல் போன சிலை ஒன்று, உயரம் ஐந்தடி, முகம் இன்னும் உறுதி செய்யப்படவில்லை. கடைசியாகப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர்கள் எட்டுப் பேர். சிலை இருந்தது உண்மையானால் அது எங்கே என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் பொய்ச்சாட்சி. இரண்டுக்கும் தனித்தனிச் செக்‌ஷன் இருப்பதாக எஸ்.ஐ. பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மருதாம்பாள் முகத்தைப் பார்க்க யாரும் கீழே போகவில்லை. சிறப்பு அலுவலர்தான் இரக்கப்பட்டு மூன்றாவது வழி சொன்னார். பரிசு வாங்கிய சிலைகளைப் பார்க்க டூரிஸ்டுகள் வருவது சாயங்காலம் மட்டும்தான். அந்த நேரத்துக்கு முறை போட்டு ஒருவர் மாற்றி ஒருவர் கூடையோடு நின்றால், காணாமல் போன சிலை கிடைத்துவிட்டதாகக் கேஸை முடித்துவிடலாம்.

அப்படியே நிற்கிறோம். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. இப்போது, நல்ல வானம் தெரியும் நாளில் யார் முறை என்பதில் எங்களுக்குள் சண்டையே வருகிறது. லிங்கசாமி தன் முறைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறார். பெண் சிலை என்று சொன்னால் கேட்பதில்லை. எல்லோர் செல்போனிலும் அதே கருப்புப் படம்தான் முகப்பில் இருக்கிறது. அதில் இருப்பது தான்தான் என்று எட்டுப் பேரும் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம். டூரிஸ்டுகள் மருதாம்பாள் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்தபடி குடிக்கிறார்கள். கடையில் நல்ல கூட்டம் என்று கேள்வி.

போன மாதம் பிலோமி மூட்டுவலி என்று டாக்டர் சீட்டு கொடுத்து விலகினார். சங்கிலி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். எட்டில் இரண்டு போக, முறைக்கு மீதி இருப்பது ஆறு பேர்.