மாமனார் காவலில் நிற்கிறார்

மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே உங்கள் அப்பாவின் கால்களைத் தவிர மற்ற அனைவரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோருடைய கால்களும் நலமாக இருக்கும் என்று நம்பி, என் வயிற்றெரிச்சலை எழுதுகிறேன்.

கடல் கடந்து போருக்குப் போனவர்களுக்குப் பூங்கா முனையில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள் அல்லவா? கருங்கல் பீடம், மேலே வெண்கலச் சிப்பாய், கீழே திரும்பி வராதவர்களின் பெயர்கள். அந்தப் படையில் இன்று மிச்சம் இருப்பவர் உங்கள் அப்பா ஒருவர்தான் என்பதால் திரையை விலக்க அவரையே அழைத்தார்கள். விலக்கினார், விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். கூட்டம் கலைந்தது, நாற்காலிகள் வண்டி ஏறின, மனிதர் அசையவில்லை. கூப்பிட்டால், "காவலுக்கு நின்னவன் ஆள் மாத்தாம நகரக் கூடாது மாப்ள" என்கிறார். "யார் வந்து மாத்தணும் மாமா?" என்றேன். கீழே இருந்த பெயர்களைக் கையால் காட்டினார்.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். பூங்காவைப் பூட்டினால் வீட்டுக்கு வருகிறார் ("பூட்டு போட்டாச்சுன்னா அது பூட்டோட பொறுப்பு"), திறக்கும் முன்பே போய் நிற்கிறார். பீடத்தில் சைக்கிளைச் சாய்த்த தபால்காரரைப் பார்த்து "கையத் தூக்கு!" என்று ஒரு அதட்டல், அவர் இரண்டு கையையும் தூக்கியதில் நம் தெருக் கடிதங்கள் எல்லாம் நீரூற்றில் மிதந்தன. பார்வையிட வந்த நகராட்சித் தலைவரை மறித்து, "இன்னிக்கு அடையாளச் சொல் என்ன?" என்று கேட்டார், தலைவர் திருதிருவென்று விழித்துவிட்டு வந்த வழியே திரும்பினார். சிப்பாயின் தலையில் உட்காரும் புறாக்களை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. "அதுங்க எங்களுக்குச் சேதி கொண்டு வந்த இனம்" என்கிறார்.

பொய் சொல்லக் கூடாது, அவர் நிற்கிற அழகைப் பார்த்தால் வெண்கலச் சிப்பாய்தான் கூன் போட்டவன் மாதிரித் தெரிகிறான். கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் கால் இரண்டும் வீங்கிவிட்டன. "இப்படியே நின்னா அப்புறம் படுக்கைதான்" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். என் பேச்சோ கிணற்றில் போட்ட கல். ஆகவே உடனே புறப்பட்டு வந்து, பெற்ற பிள்ளை என்ற உரிமையில் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போகவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள், நடுவில் இருப்பவர்களுக்கு அனுதாபம்.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் இடிபடும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். தபாலில் சேர்க்கப் போகிற வழியில், கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்போமே என்று பூங்காவுக்குள் போனேன். அவருக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, எதிரே போய் விறைப்பாக நின்று, "ஆள் மாத்த வந்திருக்கேன் மாமா" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "தொப்பைய உள்ள இழுங்க மாப்ள" என்றார். இழுத்தேன். வணக்கம் வைத்துவிட்டு மெல்ல நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, சத்தம் வராமல் வெகுநேரம் அழுதார். நான் நகரவில்லை, காவலில் இருந்தேன். இப்போது பிற்பகல் முறை என்னுடையது, சனிக்கிழமையைத் தபால்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை முறைதான் காலியாக இருக்கிறது. யாரையும் தூக்க வேண்டாம், முகச்சவரம் செய்துகொண்டு நீங்கள் வந்தால் போதும்.