பெண்டிங் வேறு, அண்டர் பிராசஸ் வேறு

ஒரு காட்டில், சித்திரை மாதம் வளை இடிந்துபோன கீரி ஒருத்தி இருந்தாள். புது வளை கேட்டு மனு போட்டாள். ஐப்பசியும் வந்துவிட்டது. நாலு குட்டிகளும் புதரடியில் கிடந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வளை ஒதுக்கீட்டு அலுவலகம் என்பது கதவு வைத்த பெரிய குகை. வாசலில் மேசை போட்டு உடும்பார் உட்கார்ந்திருப்பார். உள்ளே முழுக்க ஃபைல் கட்டுகள். அவற்றின்மேல் ஒரு சொட்டு ஈரம் படாது. மனுவின் நிலையைப் பலகையில் இங்கிலீஷில்தான் எழுதுவார்கள். தமிழில் எழுதினால் எல்லோருக்கும் புரிந்துவிடும், அப்புறம் ஆபீசுக்கு என்ன மரியாதை?

ஆறு மாதமாக 'பெண்டிங்' என்றிருந்த இடத்தில் அன்று 'அண்டர் பிராசஸ்' என்று இருந்தது. வரிசையில் நின்ற நரியும் காக்கையும் கைகொடுத்து வாழ்த்தின. நிலை மாறினால் வரிசைக்கு விருந்து வைப்பது அங்கே வழக்கம். குட்டிகளுக்கென்று வைத்திருந்த ஆறு முட்டைகளையும் கீரி எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"மைனாக்கா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

வரிசையில் முன்னால் நின்ற மைனா கான்வென்ட் சுவர்ப் பொந்தில் வளர்ந்தவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பெண்டிங்னா உன் ஃபைலை யாரும் பார்க்கலை. அண்டர் பிராசஸ்னா, பார்த்துட்டு அதே இடத்துல வெச்சுட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றது படிக்காதவங்க பேச்சு."

"அப்ப வளை எப்ப வரும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீ அர்த்தம்தானே கேட்டே. நானே கூட்டுக்கு ஒன்பது வருஷமா நிக்கிறேன்."

மழை பிடித்துக்கொண்டது. வரிசை கலைந்து ஓடியது. கீரி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து, உடும்பாரின் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், உள்ளே ஃபைல் கட்டுகளின்மேல் படுக்கவைத்தாள்.

உடும்பார் எழுந்தார். "ஏம்மா, இது டிரெஸ்பாஸ். கேஸ் எழுதிடுவேன்."

"டிரெஸ்பாஸ் இல்லை சார்," என்றாள், வெளியே கிளையில் நனைந்துகொண்டிருந்த மைனா. "அனுமதியில்லாம நுழைஞ்சாத்தான் டிரெஸ்பாஸ். குடும்பத்தோட படுத்துட்டா என்குரோச்மென்ட். மாத்தி எழுதினா மேலிடத்துல சிரிப்பாங்க."

மேலிடம் என்றதும் உடும்பார் தாளும் பேனாவுமாக மரத்தடிக்கு ஓடினார். "கொஞ்சம் மெதுவா சொல்லும்மா, எழுதிக்கறேன்."

கீரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

நீதி: வித்தியாசம் தெரிந்தவர்கள் மரத்தடியில் நின்று விளக்கலாம், தாழ்ப்பாள் போடத் தெரிந்தவர்கள் உள்ளே தூங்கலாம். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை அதன்பிறகு முடிவு செய்யவும்.