மூக்கடைப்பும் முதல் பரிசும்

குடிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. குடிக்காதவர்கள் என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டு பேரையும் ஒரே அளவு இளக்காரத்தோடு பார்க்கிற மூன்றாவது இனம் ஒன்று கொஞ்ச காலமாகப் பெருகிவருகிறது. அது குடிப்பதில்லை. ருசி பார்க்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் விளக்குவார்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கோப்பையை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, தூரத்து உறவினர் போய்விட்ட செய்தி வந்தாற்போல முகத்தை வைத்துக்கொண்டு, எறும்புக்குப் போதுமான அளவு ஒரு வாய் உறிஞ்சி, அதை நாக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவிட்டு, விழுங்கி, சுற்றியிருப்பவர்கள் பேச்சை நிறுத்தும்வரை பொறுத்திருந்து, "ம்" என்பார்கள். அவ்வளவுதான். ஒரு "ம்"முக்கு இவ்வளவு ஏற்பாடு.

நம்முடைய அம்மையாரும் இந்த இனம்தான். தொழில், கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுவதும் கேட்பாள். கம்பெனி புதிதாகத் திறந்த கிளைக்கு அவளை மாற்றியதால் கணவரோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். வந்த ஊரில் தண்ணீர் எப்படி, ஆஸ்பத்திரி எங்கே என்றெல்லாம் மற்றவர்கள் விசாரிப்பார்கள். அவள் விசாரித்தது, யார் யார் பீர் காய்ச்சுகிறார்கள் என்று.

காய்ச்சினார்கள். ஊரில் அது ஒரு பைத்தியமாகவே இருந்தது. குழாய் ரிப்பேர் செய்கிறவர் தன் கொட்டகையில், தையல் மெஷின் விற்கிறவர் தன் மாடியில் என்று ஆளுக்கு ஓர் அண்டா வைத்து, பார்லியை முளைகட்டி, வறுத்து, கொதிக்கவைத்து, புளிக்கவைத்து, கிராஃப்ட் பீர் என்று பெயர் சூட்டி, சந்தை முனையில் இருந்த ஒரே பீர்க் கடைக்குக் கொடுத்துவந்தார்கள். சாயங்காலமானால் ஊரே அங்கேதான்.

அவளுக்குப் பீர்மேல் அதுவரை எந்தக் காதலும் இருந்ததில்லை. முந்தின ஊரில் அவளுக்குப் பாலாடைக்கட்டி. அதற்கு முந்தின ஊரில் சாக்லேட். ஊருக்கு ஊர் பண்டம்தான் மாறும். மூக்கும் "ம்"மும் அதேதான். தெரியாத ஊரில் யாரும் பேச்சுக் கொடுக்காத ஒருத்தி, ஒரு மேஜையில் இடம் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது என்பதை அவள் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தாள். அந்தத் தனிமை பொய்யில்லை. அவள் பக்கம் சொல்ல இருக்கும் நல்ல வார்த்தை இது ஒன்றுதான். இத்தோடு அதை முடித்துக்கொள்வோம்.

கணவர் சாதுவான குடிகாரர். சாயங்காலம் ஒரு கோப்பை, அதைக் காலி செய்ததும் வீடு. அவரை அவள் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாருக்குன்னா... நல்லாருக்கு."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். மழை விட்டதும் மரப்பலகையில ஒரு வாசனை வருமே, அது தெரியலையா? நடுவுல ஒரு தயக்கம். பின்னாடி ஆரஞ்சுத் தோல் எட்டிப் பாக்குது."

கணவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே பீர்தான் இருந்தது.

ஆனால் பக்கத்து மேஜை கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் அந்த மேஜையில் ஒருவர் "தயக்கம்" என்றார். அடுத்த வாரம் கடைக்காரரே, குழாயைத் திறக்கும்போது, "இது பலகை வாசனை, இது ஆரஞ்சு எட்டிப் பாக்கிறது, எது ஊத்தட்டும்?" என்று கேட்க ஆரம்பித்தார். நாக்கு சொந்தமாக எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது. அதற்கு வார்த்தை கடன் கொடுக்க ஒருவர் வந்துவிட்டால், அப்புறம் நாக்கைக் கேட்பார் யார்?

ஊரில் வருஷத்துக்கொரு தரம் பீர்ப் போட்டி நடக்கும். அதற்கு நடுவர் எப்போதும் மருந்துக்கடைக்காரர்தான். அவரிடம் மொத்தம் இரண்டு தீர்ப்புகள் இருந்தன: "நல்லாருக்கு", "வேண்டாம்". இந்த வருஷம் பீர்க் கடைக்காரர் அவரிடம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் இருங்க. ஆனா கடைசி வார்த்தை மேடத்தோடதா இருக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எனக்கென்னப்பா, குடிக்கக் குடுத்தா சரி" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இந்த ஊர் அவளை ஓர் இடத்துக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டில் அவளுக்கு இன்னமும் "கண்ணாடிக் கடைப் பொம்பளை" என்றுதான் பெயர். நடுவர் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் அவள் ஒரு ஆள். அதை நினைத்து நினைத்து உடம்பு சூடேறி, அவள் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினாள்.

சளி பிடித்துக்கொண்டது.

சாதாரணச் சளி இல்லை; மூக்கில் சிமெண்ட் பூசிவிட்டாற்போல. சோப்பை முகர்ந்தாள், ஒன்றுமில்லை. வெங்காயத்தை வெட்டி முகர்ந்தாள். கண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. கடைசி நம்பிக்கையாகக் கணவரின் செருப்பை எடுத்து முகர்ந்தாள். சுத்தமான காற்று.

"சளின்னு சொல்லிடேம்மா. வேற யாராவது பாத்துக்குவாங்க" என்றார் கணவர்.

"வேற யாராவது பாத்துக்குவாங்க, அதனாலதான் சொல்ல முடியாதுங்கறேன். போய் மாத்திரை வாங்கிட்டு வாங்க. உங்களுக்குன்னு சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"இருமத் தெரியாதா உங்களுக்கு?"

ஊரில் இருந்த ஒரே மருந்துக்கடையின் வாசலில் நின்று, அந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து செய்துவந்த எல்லாச் சேவைகளோடும் சேர்த்து, இருமினார்.

போட்டி அன்று காலையில் கண்ணாடிக் கடை இருந்தது. உரிமம் புதுப்பிக்க வேன் டிரைவர் ஒருவர் சான்றிதழ் கேட்டு வந்தார். இருட்டறையில் உட்கார்ந்ததும் எழுத்து வரிசையைக் கடகடவென்று ஒப்பித்தார், மேலிருந்து கீழ்வரை, பிசகில்லாமல்.

"இன்னும் நான் லைட்டே போடலையே" என்றாள் அவள்.

டிரைவர் இளித்தார். "போன தடவை வந்தப்ப மனப்பாடம் பண்ணினது மேடம். பத்து வருஷமா ஓட்டறேன். கண்ணை மூடிட்டே ஓட்டுவேன்."

"எனக்கும் அதான் பயம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்? நீங்க பாட்டுக்கு அடிச்சு விடுவீங்க, ரோட்டுல வர்றவன் என்ன பாவம் பண்ணான்?"

சான்றிதழ் கொடுக்கவில்லை. நேர்மையாக ஒரு காரியம் செய்த நிறைவோடு, மூக்கை உறிஞ்சி, கடையைச் சாத்திவிட்டு, அவள் நேரே போட்டிக்குப் போனாள். வழியில் அவளுக்கு எந்தச் சங்கடமும் ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

பீர்க் கடையில் நிற்க இடமில்லை. நம்பர் ஒட்டிய ஐந்து கோப்பைகள் வந்தன. முதல் கோப்பை. தூக்கினாள், சுழற்றினாள், மூக்கை விட்டாள். உள்ளே போனது கோப்பையின் குளிர்ச்சி மட்டும்தான். குடித்தாள், ஜில்லென்ற தண்ணீர். "மழை" என்றாள், பழக்கத்தில். கூட்டம் தலையாட்டியது. இரண்டாவதும் தண்ணீர். "தயக்கம்." தலைகள் ஆடின. மூக்கு இல்லாமலே வண்டி ஓடுகிறது என்பது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

மூன்றாவது கோப்பை மேஜைக்கு வந்தபோது முன்வரிசை பின்வாங்கியது. ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொட்டகையில் மூடி சரியாக விழாமல், உள்ளே ஏதோ புகுந்து, அந்தப் பீப்பாய் கெட்டுப் போயிருந்தது. காய்ச்சிய குழாய்க்காரரே காலையில் அதை முகர்ந்துவிட்டு, எடுத்துவிடச் சொல்லத்தான் வந்திருந்தார். கூட்டத்தைத் தாண்டி வருவதற்குள் ஊற்றிவிட்டார்கள். அவள் இதில் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

குடித்தாள். நாக்கில் சுரீரென்றது. காலையிலிருந்து அவள் வாய்க்குத் தெரிந்த முதல் சங்கதி அதுதான். இருட்டறையில் ஒரு விளக்கு எரிந்தாற்போல இருந்தது.

"ம்" என்றாள். அப்புறம் இன்னொரு தரம், நீளமாக, "ம்ம்." அப்புறம் சொன்னாள்: "இதுக்குத்தான் இவ்வளவு நாளா காத்துக்கிட்டிருந்தேன்."

மருந்துக்கடைக்காரர் தன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய், பாதி வழியில் நிறுத்தினார். "மேடம், இது கெட்டுப்போச்சு. வினிகர்."

"கெட்டுப்போனதுக்கும் துணிஞ்சு செஞ்சதுக்கும் வித்தியாசம் தெரியணும் சார்."

பிறகு ஒருவர் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினார். முகர்ந்தார். முகம் கோணியது. அவளைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். "ஆமா" என்றார் மெதுவாக. "பச்சை ஆப்பிள் மாதிரி." கோப்பை கைமாறியது. முந்தானைக்காரி, "முதல்ல எனக்குப் புரியலை" என்றாள். கடைக்காரருக்குத் துணிச்சலோடு தயக்கமும் தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மூக்கைப் பொத்திய ஊர், இப்போது மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது.

குழாய்க்காரர் முன்னால் வந்துவிட்டார். "மேடம், அது வந்து... மூடி சரியா..." அவர் மனைவி பின்னாலிருந்து அவர் முதுகில் கிள்ளினாள். "...மூடியைக் கொஞ்சம் திறந்து வெச்சுதான் பண்ணேன். வேணும்னே."

"தெரியுது" என்றாள் அவள்.

மருந்துக்கடைக்காரர் அப்போது கணவர் பக்கம் திரும்பினார். "சளி எப்படி இருக்கு தம்பி?"

கணவர் ஒரு விநாடி தாமதமாக இருமினார். அந்தப் பெரியவர் அவருடைய தெளிவான மூக்கைப் பார்த்தார். பிறகு நடுவர் நாற்காலியில் இருந்த சிவந்த மூக்கைப் பார்த்தார். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி, மேடம் என்கிற பட்டம், நாளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரப்போகிற சிநேகச் சிரிப்பு, எல்லாம் போச்சு.

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் சொல்வது? எழுந்து, அவள் காதருகே குனிந்து, "ஆவி பிடிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்விட்டார்.

முதல் பரிசு மூன்றாம் நம்பருக்கு.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டம்மா தன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு அவளை அழைத்தாள். தெருவில் வணக்கம் வைத்தார்கள். தையல் மெஷின்காரர் தன் அண்டாவின் மூடியைத் திறந்துவைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திறந்துவைத்தார்கள். சீக்கிரத்திலேயே பீர்க் கடையின் எந்தக் குழாயைத் திறந்தாலும் வினிகர்தான் வந்தது. ஊர் முகத்தைச் சுளித்து, சமாளித்து, புகழ்ந்து, குடித்தது. மருந்துக்கடையில் வயிற்று மாத்திரை நன்றாக விற்றது.

ஒரு நாள் காலையில் அவளுக்கு மூக்கு திறந்துகொண்டது. சோப்பு சோப்பாக மணத்தது. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்ததும் வழக்கம்போல முதல் கோப்பை அவளுக்கு வந்தது. தூக்கினாள், சுழற்றினாள், மூக்கை விட்டாள்.

மூக்கு ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: அழுகல்.

கையில் கோப்பை அப்படியே நின்றது. குழாய்க்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டம்மாகூட வந்திருந்தாள். கோப்பையை இறக்காமல் அவள் தன் கணவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் கேட்ட கேள்விதான். பதில் வேண்டும் என்று கேட்டது இதுவே முதல் தடவை.

"ஏங்க. எப்படி இருக்கு?"

அவர் ஒரு வாய் குடித்தார். இந்த ஊரில் நிம்மதியாக ஒரு கோப்பை பீர் குடித்து அந்த மனிதருக்கு எவ்வளவோ நாளாகிவிட்டது. "நல்லால்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் பீரும் பிழைக்கும், அவள் மூக்கும் பிழைக்கும். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார்.

"ம்" என்றார். "பின்னாடி ஒரு துணிச்சல் தெரியுதும்மா."

அவள் இன்னொரு வாய் உறிஞ்சினாள். ஆமாம், தெரிந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் பீர் பக்கமே போகாதவராக இருக்கலாம். ஆனால் போன மாதம் யாரோ ஒரு பாட்டைப் போட்டுக் காட்டியபோதோ, புது வீட்டைச் சுற்றிக் காட்டியபோதோ, நீங்களும் இரண்டு நல்ல வார்த்தை சொன்னீர்களே, அது உங்கள் வாய்க்குள் எந்த வழியாக வந்தது? யோசித்துப் பாருங்கள். யோசிக்கப் பிடிக்கவில்லை என்றால் இதையாவது சொல்லிவிட்டுப் போங்கள்: இப்போது படித்தது எப்படி இருந்தது? உடனே வேண்டாம். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.